ரோட்டைப் பார்த்து நிற்கும் வண்டி

ராயபுரம், சென்னை-13
8 ஜூன் 1969

அன்புள்ள மாப்பிள்ளை பாஸ்கலுக்கு, ஆசீர்வாதம்.

சென்ட்ரலில் ரயில் நகரத் தொடங்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மாமா, ஐரீனுக்கு யாரு பிரசவம் பாப்பாங்க?" நான் கையை ஆட்டியபடி, "பார்த்துக்கலாம் மாப்பிள்ளை" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. என் வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் முட்டைதான் போட்டிருப்பேன்.

ஐரீனின் அம்மா இருந்திருந்தால் இந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்காது. அவள் போன பிறகு குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன், மகளுக்கு ஜடை பின்னக் கற்றுக்கொண்டேன். பிரசவத்துக்கு இடம் பார்ப்பது மட்டும் பாக்கி இருந்தது. இப்போது அந்தப் பாடமும் ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வீட்டு கெங்கம்மாவை உங்களுக்குத் தெரியும். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் கூவி விற்கிறவள். நான் குடையோடு கிளம்புவதைப் பார்த்து, "இன்னா வாத்யாரே, பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆம்பள தனியா போயி நின்னா தொரத்தி வுட்ருவாங்க. இரு, கூடையை வெச்சுட்டு நானும் வரேன்" என்றாள். ஐரீன், கெங்கம்மா, நான் மூவருமாகப் புறப்பட்டோம்.

முதலில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்டரம்மா ஐரீனைப் பொறுமையாகப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பொறுமை எங்கள் முறைக்கு வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. அவ்வளவு கூட்டம். ஐரீனுக்கு உட்கார இடமில்லை. கெங்கம்மா யாரோ ஒருவரை அதட்டி பெஞ்சில் ஒரு மூலை வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் வண்ணாரப்பேட்டையில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. மேஜையில் இருந்த அம்மையாரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். பிள்ளையைச் சேர்க்கப் பள்ளிக்கூடம் தேடும் பெற்றோருக்கு நான் எப்போதும் ஒன்று சொல்வேன்: ஹெட்மாஸ்டரிடம் உங்கள் பள்ளியில் என்ன நன்றாக இருக்கும் என்று கேட்காதீர்கள், என்ன சரியாக வராது என்று கேளுங்கள். சங்கீத வகுப்பு சரியில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறவர் கணக்கு வகுப்பைப் பற்றிச் சொல்வதையும் நம்பலாம். அதையே இங்கே கேட்டேன். "எந்த மாதிரிக் கேஸை நீங்கள் எடுக்க மாட்டீர்கள்?" அம்மையார் சிரித்தார். "எங்களால முடியாதது ஒண்ணும் இல்ல சார்." நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

தெருவுக்கு வந்ததும் கெங்கம்மா, "சுத்திச் சுத்தி வந்துகினு கீறியே, நான் நாலு பெத்த எடத்தை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கி, பல வருஷம் வேலை பார்த்த சாபிரா என்கிற மருத்துவச்சி நடத்தும் பிரசவ விடுதி. டாக்டர் கிடையாது. சாபிராவும் அவர் பழக்கிய இரண்டு நர்ஸ்களும்தான். ஆண்களுக்கு வாசலோடு சரி. பூவரச மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் முற்றத்துக் கொடியில் கொதிக்க வைத்து அலசிய வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்வது தெரியும்.

சாபிரா வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெத்துக்கப் போறது யாரு, நீங்களா வாத்யாரே? குடையெல்லாம் புடிச்சுக்கினு மொத ஆளா குந்திகினு கீறீங்க?" கெங்கம்மா சிரித்த சிரிப்பில் சந்தில் இருந்த காக்கைகள் பறந்தன.

நான் என் கேள்வியைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கொழந்த தல மேல கீதா, நான் எடுக்க மாட்டேன். ரெட்டையா, எடுக்க மாட்டேன். ரத்த அழுத்தம் ஏறுதா, கால் மூஞ்சி வீங்குதா, ஒரு நிமிசம் வெச்சுக்க மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அங்க ஒரு தடவை டாக்டர் பாத்து நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்தாத்தான் இங்க பேரே எழுதுவேன். எடுத்துகினு வந்தீங்களா?" ஐரீன் சீட்டை நீட்டினாள். படித்து முடித்த பிறகுதான் சிரித்தார். "உள்ள வாம்மா" என்றார்.

சந்து முனையில் மதார் சாகிப் என்பவரின் டாக்ஸி நிற்கிறது. அதன் மூக்கு ரோட்டைப் பார்த்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது சாபிராவின் சட்டமாம்.

உள்ளே நடந்ததை ஐரீன் வழியில் சொன்னாள். "நைனா, அவங்க ரெண்டு கையையும் பரபரன்னு தேய்ச்சு, தன் கழுத்துல வெச்சுப் பாத்துட்டு, அப்புறந்தான் என் வயித்துல வெச்சாங்க." புனல் மாதிரி ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டாராம். கெங்கம்மாவுக்கும் ஒரு முறை காது வைக்கக் கொடுத்தாராம். கெங்கம்மா பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி, "வாத்யாரே, உள்ள குதிர ஓடுது!" என்றாள்.

ஐரீனுக்கு இந்த இடம் பிடித்துவிட்டது. எனக்கும். உங்கள் சம்மதம் வேண்டும்.

அன்புடன்,
ஸ்டானிஸ்லாஸ்


விசாகப்பட்டினம்
17 ஜூன் 1969

மாமா அவர்களுக்கு ஸ்தோத்திரம். பாஸ்கல் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. என் கடிதத்தில் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்த வேண்டாம். நான் இப்போது அந்த மனநிலையில் இல்லை.

டாக்டர் இல்லாத இடத்தில் ஐரீன் கால் வைக்கக் கூடாது. இதுதான் என் பதில்.

எங்கம்மா செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். எப்படி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டில்தான். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. காலையிலிருந்து தலை வலிக்குது, தலை வலிக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிரசவம் பார்க்க வந்த கிழவி, "இதோ ஆச்சு, இன்னும் கொஞ்ச நேரம், இதோ ஆச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வலை உலர்த்தும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். மதியம் அம்மாவுக்கு ஜன்னி வந்தது. கயிற்றுக் கட்டிலில் கழி கட்டித் தூக்கிக்கொண்டு எண்ணூர் ரோட்டுக்கு ஓடினார்கள். ரோட்டுக்கு வந்து வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. தம்பியும் இல்லை.

அந்தக் கிழவியும் கைராசிக்காரி என்றுதான் ஊரெல்லாம் பேர் வாங்கினவள். உங்கள் சாபிரா அம்மாவும் பெரிய பேர் வாங்கினவராக இருக்கலாம். கெங்கம்மா நாலு பெற்றதும் உண்மையாக இருக்கலாம். நாலு பெற்றவள் வந்து பேசுவாள். செத்துப்போனவள் வந்து பேச மாட்டாள்.

கூட்டமாக இருந்தால் இருக்கட்டும். நின்றால் நிற்கட்டும். பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஆகட்டும். நீங்கள் படித்தவர், பெரியவர். ஆனால் அவள் என் மனைவி.

இங்கே மணல் வாரும் டிரெட்ஜர் கப்பலில் வேலை அதிகம். துறைமுக வாயிலை மணல் மூடிக்கொண்டே வருகிறது. லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்கவில்லை.

பாஸ்கல்


ராயபுரம்
26 ஜூன் 1969

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நான் ஒரு முறை படித்துவிட்டு மேஜையில் வைத்துவிட்டேன். கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருந்து, திரும்பி வந்து மறுபடி படித்தேன். உங்கள் அம்மாவைப் பற்றி என்னிடம் சொன்னதற்கு நன்றி. இவ்வளவு காலம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள்.

கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் சிவப்பு மையை எடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை உங்களிடம் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். கோபம் இருந்தால் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். என் வகுப்பில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் பரீட்சைத் தாளில் எல்லாக் கேள்விக்கும் எதையாவது எழுதி நிரப்பிவிடுவான். இன்னொருவன் ஏழு கேள்விக்குப் பதில் எழுதி, எட்டாவதில் "இது எனக்குத் தெரியவில்லை ஐயா" என்று எழுதி வைப்பான். பின்னாளில் முதல் பையன் ஓட்டும் லாரியில் நான் ஏற மாட்டேன். இரண்டாமவன் ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். உங்கள் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவளுக்குக் கைத்திறன் இருந்திருக்கலாம். அவளிடம் இல்லாதது "என்னால் ஆகாது" என்ற ஒரு வார்த்தை. சாபிரா அந்த வார்த்தையை முதல் நாளே வாசலில் வைத்து என்னிடம் சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதத்தை ஐரீனுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெத்துக்கப் போறது நானு. நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கடுதாசி எழுதிக்கினு கீறீங்க. அந்த ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பாத்தாங்க நைனா, இல்லன்னு சொல்லல. ஆனா என் பேர் என்னான்னு சாபிராம்மா மட்டுந்தான் கேட்டாங்க. அவருக்குப் பயம்னா, பயத்தைக் கேள்வியா எழுதி அனுப்பச் சொல்லுங்க. வெறும் உத்தரவா அனுப்ப வேணாம்."

வாத்தியார் மகள், பாருங்கள்.

ஆகவே உங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி, நான் போய்க் கேட்டு, வந்த பதிலை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். அந்தப் பதிலுக்குப் பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம். நானே ஐரீனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் பெஞ்சில் உட்கார வைக்கிறேன்.

ஸ்டானிஸ்லாஸ்


விசாகப்பட்டினம்
5 ஜூலை 1969

மாமா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஒரே கேள்விதான். அந்த அம்மா கையில் எத்தனை பேர் செத்தார்கள்? யார், எப்படி? கேட்டு எழுதுங்கள். கேட்க முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

ஐரீன் உப்பு அதிகம் போட்டுச் சாப்பிடுவாள். கவனித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்கல்


ராயபுரம்
13 ஜூலை 1969

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கேட்டுவிட்டேன். சுலபமாக இல்லை. பூவரச மரத்தடி பெஞ்சில் உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஹபீபுல்லா என்று ஒருவர், எண்ணூரில் பவுண்டரியில் வேலை. மூன்றாவது பிள்ளையாம். "பயப்படாத பெரியவரே, இந்த பெஞ்சுல குந்துனவன் எவனும் அழுதுகினு போனதில்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என் கேள்வி இன்னும் கனத்துவிட்டது.

சாபிரா வெளியே வந்தார். வாயால் கேட்பதற்குப் பதில் உங்கள் கடிதத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டேன். படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கத்தில், அந்த ஆண்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹபீபுல்லா எழுந்து தள்ளிப் போய்விட்டார்.

"ஒருத்தி" என்றார். "பேரு மங்கை. எனக்கு மறக்காது. கொழந்த பொறந்து அழுதுச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ரத்தம் நிக்கல. நான் செய்யறது எல்லாம் செஞ்சேன். அனுப்பணும்னு தெரிஞ்ச ஒடனே அனுப்பச் சொல்லிட்டேன். ஆனா எதுல அனுப்பறது? அப்ப இந்த சந்துல ஒரு வண்டி கெடையாது. அவ புருசன் ரோட்டுக்கு ஓடி லாரிங்களை மறிச்சான். ஒரு லாரிக்காரன் நிறுத்தினான். அது திரும்பி உள்ள வர்றதுக்கே அவ்ளோ நேரம் ஆச்சு."

சந்து முனையில் நின்ற டாக்ஸியைக் கையால் காட்டினார். "அதுக்கு அப்புறந்தான் மதார் சாகிப்பை இங்க கொணாந்து நிறுத்துனேன். உள்ள ஒரு பொண்ணு வலியில கீறான்னா அவரு வேற சவாரி எடுக்க மாட்டாரு. வண்டி ரோட்டைப் பாத்துத்தான் நிக்கணும். திருப்பற நேரங்கூட எனக்கு வேணும்."

பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "இத்தினி வருசத்துல இந்தக் கேள்வியை எவனும் கேட்டதில்ல. கைராசி எப்படின்னு கேப்பானுங்க, ஆம்பளப் புள்ள பொறக்குமான்னு கேப்பானுங்க. உங்க மாப்பிள்ள நல்ல ஆளு. பொண்டாட்டி மேல உசுரா கீறாரு. சொல்லுங்க, நான் சொன்னேன்னு."

இதுதான் பதில். ஒரு சொல்லும் மாற்றவில்லை. முடிவு உங்களுடையது, ஐரீனுடையது.

உப்பைக் குறைத்துவிட்டேன். திட்டுகிறாள்.

ஸ்டானிஸ்லாஸ்


விசாகப்பட்டினம்
23 ஜூலை 1969

மாமா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

இங்கே எல்லோரும் நிலாவில் மனுசன் இறங்கிவிட்டான் என்று அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேன்டீனில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். எல்லோரும் எப்படிப் போனான், எப்படி இறங்கினான் என்று கேட்கிறார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன், திரும்பி வருகிற வண்டி தயாராக இருக்கிறதா என்று. சிரித்தார்கள்.

அதை ஏன் கேட்டேன் என்றால், உங்கள் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

எங்கள் டிரெட்ஜரில் உயிர்ப்படகு ஒன்று தொங்கும். போன வருஷம் புதிதாக வந்த ஆபீசர் அதற்கு அழகாக கேன்வாஸ் போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டி, பெயிண்ட் அடித்து வைத்தார். பார்க்க ஜோராக இருந்தது. அத்தாவுல்லா என்று எங்கள் தலைமை மாலுமி. அவர் வந்து பார்த்தார். கத்தியை எடுத்துக் கட்டுகளையெல்லாம் அறுத்துவிட்டார். "தண்ணி உள்ள வரும்போது எவன்டா முடிச்சு அவுத்துகினு இருப்பான்?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் எந்தக் கப்பலில் ஏறினாலும் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் படகைத்தான் பார்க்கிறேன்.

வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்தி வைக்கிற அம்மா எங்கள் அத்தாவுல்லா மாதிரி ஆள். செத்துப்போனவள் வந்து பேச மாட்டாள் என்று எழுதியிருந்தேன். அந்த அம்மா, செத்துப்போனவள் பெயரைச் சொல்லி, அவளுக்காகப் பேசிவிட்டார்.

எனக்குப் பயம் போகவில்லை. போகாது. ஆனால் ஐரீன் இஷ்டம். அவள் சொன்ன மாதிரியே, இது உத்தரவு இல்லை.

சாபிரா அம்மாவிடம் என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கள். அவர்கள் சலாம் என்று சொல்வார்கள், அப்படியே சொல்லுங்கள்.

பாஸ்கல்


ராயபுரம்
16 ஆகஸ்ட் 1969

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தாயும் மகளும் நலம். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி பொறுமையாகப் படியுங்கள். நடந்தது நீங்கள் நினைத்தபடியும் இல்லை, நான் நினைத்தபடியும் இல்லை.

காலையில் பூசைக்கு மணி அடிக்கும்போது ஐரீனுக்கு வலி எடுத்தது. கெங்கம்மா மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். ரிக்ஷாவில் போய்ச் சேர்ந்தோம். சாபிரா ஐரீனைப் படுக்க வைக்கவில்லை. முற்றத்தில் நடக்க வைத்தார், கஞ்சி குடிக்க வைத்தார், வலி வரும்போது தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் பெஞ்சில் இருந்தேன். கொடியில் துணிகளுக்கு நடுவே ஐரீனின் கால்கள் போவதும் வருவதும் தெரிந்துகொண்டிருந்தன. சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது, மாப்பிள்ளை. பிரசவ வலியில் ஒரு பெண் சிரித்து நான் கேட்டதில்லை. இதை உங்களுக்கு எப்படி எழுதலாம் என்று மனதுக்குள் வாக்கியம்கூட அமைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கால்கள் நின்றன. ஐரீன் யாரிடமோ, "தல வலிக்குதும்மா" என்றது கேட்டது. என் வீட்டில் சொல்லியிருந்தால் ஒரு காபி போட்டுக் கொடுத்திருப்பேன். சாபிரா உடனே உள்ளே அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"எழுந்திருங்க வாத்யாரே, கெளம்பறோம். ரத்த அழுத்தம் ஏறுது. காலையில சரியா இருந்துச்சு, இப்ப ஏறுது. இது என் கையில இல்ல."

மதார் சாகிப் அதற்குள் இன்ஜினைக் கிளப்பிவிட்டார். நான் செய்ததை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியாது. நான் எழவில்லை. "அம்மா, இவ்வளவு நேரம் நன்றாகத்தானே இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பாருங்களேன். இவ்வளவு தூரம் பேசி மாப்பிள்ளையைச் சம்மதிக்க வைத்தேன், இப்போது அவரிடம் நான் என்ன சொல்வேன்?" என்று கேட்டேன்.

சாபிரா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "இன்னா வாத்யாரே! மொத நாளு குடையைப் புடிச்சுக்கினு வந்து இன்னா கேட்டீங்க? எதை எடுக்க மாட்டேன்னு கேட்டீங்க. சொன்னேன். இப்ப அதுதான் இது. நீங்க மருமவன் கிட்ட ஜெயிக்கறதுக்கா நான் பிரசவம் பாக்கறேன்? ஏறுங்க வண்டியில!"

வண்டி திரும்ப வேண்டியிருக்கவில்லை. அப்படியே பாய்ந்தது. முன் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னும் கொஞ்ச நேரம். உங்கள் வீட்டில் அந்தக் கிழவி சொன்ன அதே வார்த்தை. உங்கள் கடிதத்தில் அதைப் படித்துவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்தவன் நான். என் வாயிலிருந்தே அது வந்தது. பின்னால் ஐரீன், "நைனா, பயப்படாதீங்க" என்றாள். அவள் தலை சாபிராவின் மடியில் இருந்தது. கெங்கம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஒத்து, ஒத்து! புள்ளத்தாச்சி வருது!" என்று திருவொற்றியூர் ரோடு முழுக்கக் கத்திக்கொண்டே வந்தாள். லாரிகளும் மாட்டு வண்டிகளும் ஒதுங்கின.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றும் அதே கூட்டம். சாபிரா எழுதியிருந்த சீட்டை வாசலில் இருந்த நர்ஸ் வாங்கிப் பார்த்தார். "டாக்டர், சாபிரா சிஸ்டர் கேஸ்" என்று உள்ளே ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். ஜூன் மாதம் எங்களை மதியம் வரை உட்கார வைத்த அதே கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. டாக்டரம்மா ஓடி வந்தார். அவரும் சாபிராவும் நடந்துகொண்டே பேசினார்கள், இரண்டு மூன்று வார்த்தைகள்தான். கூட வேலை செய்து பழகியவர்கள் பேசிக்கொள்வது போல இருந்தது. "நீங்களும் உள்ள வாங்க சிஸ்டர், பொண்ணுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும்" என்று டாக்டரம்மா கூப்பிட்டார்.

ஊசி போட்டார்கள். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். கோயிலில் மாலை மணி அடிப்பதற்கு முன்னால் உங்கள் மகள் பிறந்தாள். ஜன்னி வரவில்லை. வருவதற்கு முன்னால் சாபிரா அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

டாக்டரம்மா என்னிடம் வந்து, "சாபிரா சிஸ்டர் வீணா ஒருத்தரையும் அனுப்ப மாட்டாங்க. அதனால அவங்க அனுப்பினா நாங்க காரணம் கேட்டுக்கிட்டு நிக்கறதில்ல" என்றார். நாம் இரண்டு மாதமாக மருத்துவச்சியா டாக்டரா என்று எழுதிக்கொண்டிருந்தோமே, மாப்பிள்ளை. அவர்கள் இரண்டு பேரும் அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே நினைக்கவில்லை.

ஐரீன் கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன்: அடுத்த பிள்ளைக்கும் சாபிராம்மாதான். டாக்டரம்மா சம்மதித்தால்.

ஸ்டானிஸ்லாஸ்


விசாகப்பட்டினம்
24 ஆகஸ்ட் 1969

மாமா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

தந்தி கையில் இருந்தும் உங்கள் கடிதத்தில் "தல வலிக்குதும்மா" என்ற இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டு மேல்தட்டில் போய் நின்றேன். அத்தாவுல்லா வந்து, "இன்னா மாமு, நல்ல சேதின்னு மிட்டாய் குடுத்தே, இப்ப அழுவுறே?" என்றார். அவரையே மீதியைப் படிக்கச் சொன்னேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டிக் கூட்டிப் படித்து, வண்டி திரும்ப வேண்டியிருக்கவில்லை என்ற இடத்தில் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

கொஞ்ச நேரம் பாருங்களேன் என்று சொன்னதை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எழுதினீர்கள். எனக்குக் கோபம் இல்லை மாமா. நான் அங்கே இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசித் தடுத்திருப்பேன், வேறு விதமாக.

லீவு கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் மெயில் ரயிலில் வருகிறேன். மகளுக்கு எங்கம்மா பெயர் வைக்கலாமா என்று ஐரீனைக் கேளுங்கள். இருதயம்மாள் என்று.

ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதீர்கள். நான் கைக்குழந்தையைத் தூக்கியதே இல்லை. ஸ்பேனர் பிடித்துக் காய்த்த கை. எப்படித் தூக்குவது?

பாஸ்கல்


ராயபுரம்
29 ஆகஸ்ட் 1969

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சிரிக்கவில்லை. கெங்கம்மாதான் சிரித்தாள், அவளை விடுங்கள். பெயருக்கு ஐரீன் சம்மதம். இப்போதே "இருதயம், இருதயம்" என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

சாபிரா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகிறார். உங்கள் சலாமைச் சொன்னேன். "வரட்டும், அந்தக் கேள்வி கேட்ட ஆளை நானும் பாக்கணும்" என்றார்.

உங்கள் சந்தேகத்துக்கு என்னிடம் ஓர் உதாரணம் இருக்கிறது, சொந்த உதாரணம். நேற்று பாத்திரம் கழுவிய கையோடு பேத்தியைத் தூக்கினேன். அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட, வீறிட்டு அழுதாள். காய்த்த கையால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. என் கை மிருதுவாகத்தான் இருந்தது, ஆனால் சில்லென்று இருந்தது. சாபிரா குழந்தையை வாங்கிக்கொண்டு, "வாத்யாரே, வெளிய வந்து கொஞ்ச நாளுதான் ஆவுது. அவளுக்குத் தெரிஞ்சது எல்லாம் சூடுதான்" என்றார். பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் இருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்து, உங்கள் கழுத்தில் வைத்துப் பாருங்கள். கழுத்துக்குச் சில்லென்று இருந்தால் இன்னும் தேயுங்கள். இதமாக இருந்தால் மகளைத் தூக்குங்கள்.

ஸ்டானிஸ்லாஸ்